வேற்றுமையே பயிருக்குக் காப்பு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

மனிதனுக்குக் காய்ச்சல் கண்டால் படுத்துக்கொள்கிறான்; மருத்துவரை நாடுகிறான். ஆட்டுக்கு நோய் வந்தால் மேயாமல் ஒதுங்கி நிற்கிறது. நின்ற இடத்தைவிட்டு நகர முடியாத செடி என்ன செய்யும்? அதற்கு ஓடும் குருதி இல்லை. குருதியில் சுற்றிவந்து கிருமியைப் பிடிக்கும் வெள்ளணுக்களும் இல்லை. ஒருமுறை தட்டம்மை கண்டவருக்கு அந்நோய் மீண்டும் வருவது அரிது. அவருடைய உடல் அக்கிருமியை நினைவில் வைத்து அதற்கென்றே எதிர்ப்பொருளை உண்டாக்கிக் கொள்கிறது. செடிக்கு அப்படி எதிர்ப்பொருள் உண்டாக்கும் வழியும் இல்லை.

ஆயினும் நம்மைச் சுற்றிப் பார்ப்போம். ஒரு கிராம் வயல் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. காற்றில் பூஞ்சைகளின் வித்துகள் ஓயாமல் மிதந்து வருகின்றன. இத்தனைக்கும் நடுவே வேலியோரத்து ஆவாரையும் வாய்க்கால் கரைக் கோரையும் பச்சையாகவே நிற்கின்றன. உலகில் உள்ள நோய்க்கிருமிகளுள் மிகப் பலவும் ஒரு குறிப்பிட்ட செடியை ஒன்றும் செய்ய முடிவதில்லை. நோய் வருவதே விதிவிலக்கு எனலாம்.

அப்படியானால் செடியைக் காப்பது எது? அந்தக் காப்பு சில வயல்களில் மட்டும் ஏன் தவறிப்போகிறது? நான் படித்து அறிந்த அளவில் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு காவல்கள்

செடியின் முதற்காவல் அதன் தோலில் இருக்கிறது. இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அதன் கீழ்த் தடித்த செல்சுவர் உண்டு. இவற்றைத் தாண்டி வருபவனை அடையாளம் காண, செல்லின் வெளிப்புறத்தில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. பூஞ்சையின் சுவர் கைட்டின் என்னும் பொருளால் ஆனது. பாக்டீரியா நீந்துவதற்கு உதவும் கசையிழை ஃபிளாஜெலின் என்னும் புரதத்தால் ஆனது. இவ்விரண்டும் செடியின் உடலில் இல்லாதவை. ஆகவே இவற்றின் துணுக்கு ஒன்று ஏற்பியில் பட்டாலும் போதும், செடி விழித்துக்கொள்கிறது, இலைத்துளைகளை மூடுகிறது, செல்சுவரைத் தடிப்பாக்குகிறது, கிருமிக்கு நஞ்சாகும் பொருள்களைச் சுரக்கிறது.

கெட்டிக்காரக் கிருமிகள் இந்தக் காவலை ஏமாற்றக் கற்றுக்கொண்டன. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சையையே எடுத்துக்கொள்வோம். பைரிகுலேரியா ஒரைசே என்று நம் பாடநூல்கள் கூறும் இப்பூஞ்சையின் வித்து, பனி படிந்த இலையில் ஒட்டி முளைக்கிறது. முளையின் நுனி குமிழ்போல் பருத்து உள்ளே அழுத்தத்தைச் சேர்க்கிறது. அவ்வழுத்தம் கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு எனக் கணக்கிட்டுள்ளனர்! அந்த விசையால் இலைத்தோலைத் துளைத்து உட்செல்லும் பூஞ்சை, சில புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. வீட்டுக்குள் நுழையும் திருடன் முதலில் நாய்க்கு மயக்க மருந்து வைப்பதைப் போல, இப்புரதங்கள் செடியின் முதற்காவலைச் செயலிழக்கச் செய்கின்றன.

இங்கேதான் இரண்டாம் காவல் தொடங்குகிறது. செல்லுக்கு உள்ளேயும் காவற்புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, கிருமி அனுப்பிய அந்தப் புரதத்தையே அடையாளம் கண்டுகொண்டால், தாக்கப்பட்ட செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது. உள்ளே வந்த கிருமி செத்த செல்லுக்குள் சிறைப்படுகிறது. இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி ஒன்று தோன்றி, அதோடு நோய் நின்றுவிடுகிறது. ஒரு செல்லைக் கொடுத்துச் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் இச்செயலைப் படித்தபோது நான் மிகவும் வியந்தேன்.

ஒரே ஓர் எழுத்து

ஒரு செடி தாங்குகிறது, அடுத்த செடி சாய்கிறது. இந்த வேறுபாடு பிறவியிலேயே வருவது என்பதை மெய்ப்பித்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ரோலண்ட் பிஃபன். மெண்டலின் ஆய்வுகள் 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, கோதுமையின் மஞ்சள் துரு நோயை அவர் ஆராய்ந்தார். நோயுறும் கோதுமையையும் நோய் தாங்கும் கோதுமையையும் கலப்புச் செய்தார். இரண்டாம் தலைமுறையில் மூன்று பங்கு நோயுற்றன. ஒரு பங்கு தாங்கின. பட்டாணியின் நிறத்துக்கும் உயரத்துக்கும் மெண்டல் கண்ட அதே கணக்கு நோய் தாங்கும் திறனுக்கும் பொருந்துவதை 1905-இல் அவர் வெளியிட்டார்.

இதற்கு அடுத்த பெரும்படி அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எடுத்து வைக்கப்பட்டது. அங்கே எச். எச். ஃபிளோர் என்பவர் ஆளிவிதைச் செடியையும் அதைத் தாக்கும் துருப் பூஞ்சையையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மற்றவர்கள் செடியை மட்டும் கலப்புச் செய்தார்கள். ஃபிளோர் பூஞ்சையையும் கலப்புச் செய்து பார்த்தார். 1940-களில் அவர் கண்ட முடிவு இது: செடியில் நோய் தாங்கும் மரபணு ஒன்று இருந்தால், பூஞ்சையில் அதற்கு நேரான மரபணு ஒன்று இருக்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் செடி நோயைத் தடுக்கும். ஒன்று இல்லாவிட்டாலும் நோய் வென்றுவிடும். 'மரபணுவுக்கு மரபணு' என்று இக்கொள்கை பெயர் பெற்றது.

இன்று நமக்கு அந்த மரபணுக்களின் எழுத்துகளையே படிக்க முடிகிறது. நெல்லில் பை-டா என்றொரு மரபணு உண்டு. குலைநோய்ப் பூஞ்சை அனுப்பும் ஒரு புரதத்தை அடையாளம் காணும் காவற்புரதத்தை அது உண்டாக்குகிறது. அப்புரதம் 928 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. அம்மாலையில் 918-ஆம் மணி அலனின் ஆக இருந்தால் நெல் தாங்குகிறது; செரின் ஆக இருந்தால் சாய்கிறது. இம்மாற்றத்துக்குக் காரணம் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து. ஒரு வயல் விளைவதும் கருகுவதும் ஒரு எழுத்தைப் பொறுத்து நிற்கிறது என்றால் மிகையாகாது.

எந்தச் செடியிடமும் எல்லாம் இல்லை

செல்லுக்கு உள்ளே காவல் நிற்கும் இத்தகைய புரதங்களுக்காக நெல்லில் ஏறத்தாழ 500 மரபணுக்கள் இருக்கின்றன. இது பெரிய படைதான். ஆனால் எதிரியின் படையோ கணக்கில் அடங்காதது. பூஞ்சை ஒரு பருவத்துக்குள் பல தலைமுறை காண்கிறது. தன் புரதத்தைச் சிறிது மாற்றிக்கொண்டாலும், அல்லது அதை விட்டொழித்தாலும், செடியின் காவலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. செடிக்கோ ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்.

அப்படியானால் எல்லா எதிர்ப்பு மரபணுக்களையும் ஒரே செடியில் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். காவலர்க்கும் கூலி உண்டு. அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டனர். ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை உடைய செடியும் அது இல்லாத செடியும், மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவை, நோயில்லாத நிலத்தில் அருகருகே வளர்க்கப்பட்டன. மரபணு உடைய செடி 9 விழுக்காடு குறைவாக விதை கொடுத்தது. கள்வன் வராத ஊரில் காவற்காரனுக்குக் கொடுக்கும் சம்பளம் வீண்செலவு ஆவதைப் போன்றது இது.

ஆகவே இயற்கை வேறொரு வழியைப் பின்பற்றுகிறது. காட்டில் வளரும் ஓரினச் செடிகளில் ஒன்றிடம் ஒரு காவலர் இருப்பார். அடுத்ததிடம் வேறொருவர் இருப்பார். ஒரு கிருமி வந்தால் சில செடிகள் மடியும், சில நிற்கும். நின்றவற்றின் விதை அடுத்த ஆண்டு முளைக்கும். ஒரு செடி கற்றுக்கொள்ள முடியாத பாடத்தை அந்தச் செடிக்கூட்டம் தலைமுறைதோறும் கற்றுக்கொள்கிறது. செடி இனத்தின் நோய் நினைவு, செடிக்கும் செடிக்கும் உள்ள வேறுபாட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்த தலையாய கருத்து இதுவே.

நண்பரும் பகைவரும்

நுண்ணுயிர் என்றாலே பகை என்று எண்ணிவிடக் கூடாது. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகளைக் காணலாம். அவற்றுள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகத் தருகிறது. நெல் முதலிய பெரும்பாலான நிலத் தாவரங்களின் வேர்களில் மைக்கோரைசா என்னும் பூஞ்சை குடியேறிப் பாஸ்பரசைத் தேடித் தருகிறது. பகைவனைத் தடுக்க வேண்டும். நண்பனுக்குக் கதவு திறக்க வேண்டும். இரண்டையும் செடி எவ்வாறு பிரித்தறிகிறது?

வியப்பு என்னவென்றால், இரண்டு வேலைக்கும் சில இடங்களில் ஒரே காவலரைச் செடி நிறுத்தியிருக்கிறது. நெல்லில் செர்க்-1 எனப்படும் புரதம், குலைநோய்ப் பூஞ்சையின் கைட்டினை உணர்ந்து எதிர்ப்பைத் தூண்டவும் வேண்டும். மைக்கோரைசா வேருக்குள் குடியேறவும் வேண்டும். அதை நீக்கிவிட்ட நெல்லில் இரண்டும் கெடுவதை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. உடன் நிற்கும் மற்றப் புரதங்களைப் பொறுத்து அது வாளெடுப்பதும் வரவேற்பதும் அமைகின்றன.

இங்கும் இரகத்துக்கு இரகம் வேறுபாடு உண்டு. நம் நாட்டில் பயிராகும் நெல் பெரும்பாலும் இண்டிகா வகை. ஜப்பானில் பயிராவது ஜபானிகா வகை. சீன அறிவியலார் இவ்விரு வகைகளிலும் 95 இரகங்களை ஒரே நிலத்தில் வளர்த்து வேர்களை ஆராய்ந்தனர். இண்டிகா நெல்லின் வேரில் நைட்ரஜனை மாற்றித் தரும் பாக்டீரியாக்கள் மிகுதியாகக் கூடியிருந்தன. நைட்ரேட்டை உணர்ந்து கடத்தும் ஒரு மரபணுவில் உள்ள வேறுபாடே இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2019-இல் அவர்கள் வெளியிட்டனர். ஆகவே ஒரு நெல் இரகம் மறைந்துபோனால், அதன் மணமும் சுவையும் மட்டும் மறைவதில்லை. அது தன் வேரடியில் கூட்டிவைத்த நட்பு வட்டமும் கலைந்துபோகிறது.

பெயர் பல, உள்ளிருப்பது ஒன்று

வேறுபாட்டை அழித்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு இரண்டு பெரிய சான்றுகளை வைத்திருக்கிறது.

அயர்லாந்து நாட்டின் ஏழை உழவர்கள் உருளைக்கிழங்கையே உணவாகக் கொண்டிருந்தனர். அதிலும் லம்பர் என்ற ஒரே இரகம் பெரும்பகுதி நிலத்தில் நின்றது. கிழங்கை வெட்டி நட்டு வளர்ப்பதால் ஒவ்வொரு செடியும் மற்றொன்றின் நகல். 1845-இல் பின்பருவக் கருகல் நோய் வந்தது. ஒரு செடியை வீழ்த்திய கிருமிக்கு அடுத்த செடியும் திறந்த வீடாயிற்று. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர். உழவரின் ஏழ்மையும் அன்றைய அரசின் போக்கும் அத்துயரைப் பெருக்கின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்காவின் மக்காச்சோளம். வீரிய விதை உண்டாக்க வேண்டுமானால் தாய்ச்செடியின் ஆண்பூக் கொண்டையைக் கையால் ஒடித்தெறிய வேண்டும். இதற்கு ஆயிரக்கணக்கான கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். டெக்சாஸ் வகை என்னும் மக்காச்சோளத்திலோ மகரந்தம் தானாகவே மலடாகிவிடும். ஆகவே விதை நிறுவனங்கள் எல்லாம் அத்தாய்வழியையே பயன்படுத்தின. கடையில் விற்ற விதைப் பைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள். ஆனால் 1970-இல் அந்நாட்டு மக்காச்சோளத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே அந்த ஒரே தாய்வழி. மகரந்தத்தை மலடாக்கிய அதே மரபணு, ஒரு பூஞ்சையின் நஞ்சுக்குச் செல்லைத் திறந்துகொடுப்பதாகவும் அமைந்திருந்தது. அந்த ஆண்டு தெற்கே தோன்றிய இலைக்கருகல் நோய் வடக்கு நோக்கிப் பரவி, நாட்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை ஒரே பருவத்தில் கொண்டுபோயிற்று. விதை நிறுவனங்கள் மீண்டும் கொண்டை ஒடிக்க ஆள் தேட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர் வயல்

இந்த இரண்டு கதைகளையும் வகுப்பில் கேட்டபோது எனக்கு அவை அயல்நாட்டுக் கதைகளாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தின் கடைமடையில் உள்ளது. என் தந்தையார் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். நான் பள்ளியிறுதி படித்துக்கொண்டிருந்த ஆண்டின் சம்பா பருவத்தில், எங்கள் வாய்க்காலின் இருபுறமும் பெரும்பாலும் ஆந்திராப் பொன்னி என்று நாங்கள் சொல்லும் பி.பி.டி. 5204 இரகமே நின்றது. சன்ன அரிசி, நல்ல விலை. மார்கழிப் பனியில் கதிர் வெளிவரும் நேரத்தில் குலைநோய் கண்டது. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர்கள் வெளுத்து, முற்றியவை போலத் தோன்றும். கையில் பிடித்தால் பதர். குத்தகை அளந்த பிறகு களத்தில் மிஞ்சியது அடுத்த பருவத்துச் செலவுக்கும் காணவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று.

அப்போது என் தந்தையார் ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்கு மேல்பக்கத்து வயலில் ஒரு மோட்டா ரகம் நின்றது. அதில் இலையில் சிறு புள்ளிகள் விழுந்ததோடு சரி, கதிர் ஒடியவில்லை. "ஏம்பா, அவனுக்கும் நமக்கும் ஒரே வாய்க்காத் தண்ணி, ஒரே பனி. அங்க புள்ளியோட நின்னுபோச்சு. இங்க மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" என்றார். உரம் கூடிப்போயிற்று என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். மருந்து காலத்தில் அடிக்கவில்லை என்றார் இன்னொருவர். தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் கூடும் என்பது உண்மையே. ஆனால் பக்கத்து வயலுக்கும் அதே உரம்தான் இட்டிருந்தார்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, செய்முறை வகுப்பில் குலைநோய் கண்ட இலையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். பேரிக்காய் வடிவில், மூன்று அறைகள் உடைய வித்துகள் கண்ணாடி போல் மின்னின. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் காலம் முதல் எங்கள் நெல்லைத் தின்றுவந்த பகைவனின் முகத்தை முதன்முதலில் பார்த்தவனும் நானே. அப்பகைவனை மேல்பக்கத்து வயலின் நெல் அடையாளம் கண்டுகொண்டது; செல்லைக் கொடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டது. இலையிலிருந்த புள்ளிகள் அதற்கே சான்று. எங்கள் நெல்லுக்கு அந்த அடையாளம் தெரியவில்லை.

விடுமுறையில் இதைத் தந்தையாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிப்பா. மோட்டா நெல்ல வியாபாரி கையால தொடமாட்டேங்கிறானே" என்றார். இது மெய்யான தடை. எந்த விதையை நடுவது என்பதை உழவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. சந்தையும் நம் சாப்பாட்டுத் தட்டும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எனவே நோய் தாங்கும் திறனை, மக்கள் விரும்பும் நெல்லுக்குள்ளேயே கொண்டுவர வழியுண்டா என்று பார்க்க வேண்டும்.

காட்டு நெல் தந்த கொடை

வழி உண்டு. அதற்கான செல்வம் காட்டு நெற்களிலும் நாட்டு நெற்களிலும் கிடக்கிறது.

தஞ்சை வட்டாரத்தில் குலைநோய் 1919-இல் பெருஞ்சேதம் விளைவித்தது. அன்று வயலில் இருந்தவை பழைய நெற்களே. எனவே பழைய இரகம் என்பதாலேயே நோய் தாங்கும் என்று எண்ணுவது தவறு. அவற்றுள் சில தாங்கின, சில தாங்கவில்லை என்பதே உண்மை. தாங்கியவற்றைத் தேடியெடுத்துக் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பயன்படுத்தினர். குலைநோய் தாங்கும் கோ 4 இரகத்தை ஆடுதுறை 10 உடன் கலந்து கோ 25 என்னும் இரகத்தை உருவாக்கினர்.

1970-களில் ஆசிய நாடுகளில் புகையான் பூச்சி பரப்பிய வைரஸ் நோய் ஒன்று நெல்லைப் புல் போலக் குட்டையாக்கிக் கதிர் விடாமல் செய்தது. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தனர். பயிரிடும் நெல் எதிலும் போதிய எதிர்ப்பு கிடைக்கவில்லை. ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில் கிடைத்தது. அது நம் நாட்டின் உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரிக்கப்பட்டது. யாரும் அறுவடை செய்யாத, மணி உதிர்ந்துபோகும் களை நெல்! குர்தேவ் சிங் குஷ் தலைமையில் அதன் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ஐ.ஆர். 36 இரகம் 1976-இல் வெளிவந்து, 1980-களில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றிலிருந்து எக்ஸ்-ஏ-21 என்னும் மரபணு கிடைத்தது. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோயை அது தடுக்கிறது. 1995-இல் அதன் அமைப்பைக் கலிபோர்னியாவில் பமேலா ரொனால்டின் குழுவினர் கண்டறிந்தனர். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் இணைந்து, இந்த மரபணுவோடு மேலும் இரண்டைச் சேர்த்து, எங்கள் ஊர் ஆந்திராப் பொன்னியாகிய அதே பி.பி.டி. 5204-க்குள் கலப்பு முறையில் கொண்டுவந்தன. அரிசியின் சன்னமும் சுவையும் மாறவில்லை. 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' என்னும் பெயரில் 2008-இல் அது வெளியிடப்பட்டது. அது தடுப்பது இலைக்கருகலை. குலைநோய்க்கு வேறு மரபணுக்கள் வேண்டும். ஆயினும் வழி ஒன்றே.

அம்மூன்றில் ஒரு மரபணுவின் கதை சுவையானது. இலைக்கருகல் பாக்டீரியா நெல்லுக்குள் நுழைந்ததும், நெல்லின் சர்க்கரைக் குழாய் ஒன்றைத் திறக்கும் விசையைத் தானே அழுத்துகிறது. வெளியே கசியும் சர்க்கரையை உண்டு பெருகுகிறது. சில நெல் இரகங்களில் அந்த விசையின் எழுத்துகள் பிறவியிலேயே மாறியிருக்கின்றன. பாக்டீரியாவின் விரலுக்கு விசை அகப்படுவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. எதிர்ப்பு என்பது போர் மட்டுமன்று. பகைவனுக்குச் சோறு போடாதிருப்பதும் எதிர்ப்புதான்.

வயலிலேயே வேற்றுமை

மரபணுவைக் கொண்டுவந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரே எதிர்ப்பு மரபணு உடைய ஓர் இரகத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டால், அதைத் தாண்டக்கூடிய கிருமி ஒன்று தோன்றியதும் அதற்கு எல்லையற்ற உணவு கிடைத்துவிடுகிறது. சில ஆண்டுகளில் எதிர்ப்பு முறிந்து, புதிய இரகத்தைத் தேட வேண்டியதாகிறது. இந்தச் சுழலிலிருந்து விடுபட ஒரு வழியைச் சீனத்தின் யுன்னான் மாநில உழவர்கள் காட்டினர்.

அங்கே ஒட்டும் தன்மையுடைய ஒருவகை நெல்லுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் குலைநோய் எளிதில் தாக்கும். நோய் தாங்கும் வீரிய நெல்லின் சில வரிசைகளுக்கு நடுவே இந்நெல்லை ஒரு வரிசையாக நடச் செய்தார் சூ யூயோங் என்னும் அறிவியலாளர். 1998-இல் 812 ஹெக்டேரிலும் 1999-இல் 3,342 ஹெக்டேரிலும் இச்சோதனை நடந்தது. தனியாக நட்டபோது இருந்ததைவிட, கலந்து நட்டபோது ஒட்டு நெல்லில் குலைநோயின் கடுமை 94 விழுக்காடு குறைந்தது. அதன் விளைச்சல் 89 விழுக்காடு உயர்ந்தது. இரண்டாண்டு முடிவில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். புதிய மரபணுவோ புதிய மருந்தோ அங்கே தேவைப்படவில்லை. ஒரு செடியிலிருந்து பறந்த வித்து, அடுத்த வரிசையில் வேறொரு காவலரைச் சந்தித்தது, அவ்வளவே.

நாம் செய்யத்தக்கவை

இந்த வேற்றுமைச் செல்வத்தைக் காப்பவர் யார்? பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்ப்பெட்டகத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் காக்கப்படுகின்றன. புதுதில்லியிலும் தேசிய அளவில் மரபணு வங்கி உண்டு. இவை இன்றியமையாதவை. ஆனால் பெட்டகத்தில் உறங்கும் விதை, ஆண்டுதோறும் மாறிவரும் கிருமியோடு பழகுவதில்லை. வயலில் விளையும் விதையே பழகுகிறது. திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் அவர்கள் 150-க்கு மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். நெல் திருவிழாவில் ஒவ்வொருவருக்கும் 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்டார். 2018-இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய முறை எளியது, பணம் வேண்டாதது.

நம் கல்லூரியில் படிப்போர் பலரும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவர் ஊரிலும் ஏதேனும் ஒரு முதியவரின் குதிரிலோ கோட்டையிலோ பெயர் தெரியாத நெல்லோ கேழ்வரகோ அவரையோ இன்னும் இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் தாவரவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பிடி விதை கொண்டுவரலாம். ஊர்ப் பெயர், விதையின் பெயர், விதைக்கும் பருவம், நோய் தாங்குமா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிவரலாம். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றடியில் சும்மா கிடக்கும் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து வகையை நட்டு, எதில் நோய் பரவுகிறது, எதில் புள்ளியோடு நிற்கிறது என்று குறிப்பெடுக்கலாம். செய்முறை வகுப்புக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஏது? பேராசிரியர்கள் வழிகாட்டினால் மண்வெட்டி பிடிக்க நாங்கள் ஆயத்தம்.

நம் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் முப்பது முகம், முப்பது குரல். ஒருவருக்கு வந்த சளி எல்லோரையும் படுக்கையில் தள்ளுவதில்லை. பயிரிலும் அந்த வேற்றுமையை நாம் விட்டுவைக்க வேண்டும். எந்த நோய் எந்த ஆண்டு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. அது வரும் நாளில் அதற்கான விடை ஏதேனும் ஒரு விதைக்குள் எழுதப்பட்டிருக்கலாம். அந்த விதை அன்று நம் கையில் இருக்க வேண்டும்.